ஆசிட் ஊற்றுவதற்கு முன்னால்: கொதிக்கிற அம்பாசிடரைப் பற்றி

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். அப்பா வைத்திருந்த 1977 மாடல் அம்பாசிடர், மார்க் 3. மூன்று வருடம் வீட்டில் நின்றிருந்ததை எடுத்து ஓட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். குடியாத்தத்துக்குள் ஓட்டினால் ஒரு தொல்லையும் இல்லை. வேலூர் வரை ஹைவேயில் வந்தால் டெம்பரேச்சர் முள் முக்கால்வாசிக்கு மேல் ஏறுகிறது. போன மாதம் ஏலகிரி ஏறும்போது பாதி வளைவிலேயே பொங்கிவிட்டது. தினமும் காலையில் ரேடியேட்டரைப் பார்த்துக் கழுத்து வரை தண்ணீர் ஊற்றுகிறீர்கள், வாரத்துக்கு இரண்டு லிட்டர் ஆகிறது. மெக்கானிக் "ஆசிட் ஊத்தி ஃபிளஷ் பண்ணிடலாம்", அதாவது உள்ளே கழுவிவிடலாம் என்கிறார். எந்த ஆசிட், எவ்வளவு, எத்தனை நேரம் என்பது நீங்கள் கேட்டது. ஆனால் கடைசி வரியில், "அதுக்கப்புறமும் சூடானா இன்ஜின் போச்சுன்னு அர்த்தமா" என்று சேர்த்திருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் காட்பாடிப் பக்கம் 28 வருடம் ஷெட் வைத்திருந்தவன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தேன், ஆனால் இந்த வண்டியைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பாதி கையில் கிரீஸோடு கற்றதுதான். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் நிச்சயமாகச் சொல்லக்கூடியதையும், நீங்களே சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதையும் பிரித்தே சொல்கிறேன்.

முதலில், வண்டி எங்கே சூடாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் அது காற்றுக் கோளாறு: ஃபேன் பெல்ட் தளர்ச்சி, பிளேடு வளைந்திருப்பது, ரேடியேட்டர் முகத்தில் பூச்சியும் மண்ணும் அடைத்திருப்பது. வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு கொதிக்கிற வண்டிக்கு ஆசிட் ஊற்றி ஒரு பயனும் இல்லை. உங்கள் வண்டி நேர் எதிர். ஊருக்குள் சும்மா இருக்கிறது, ஓட ஓட, இன்ஜினுக்குப் பாரம் ஏற ஏறச் சூடாகிறது. அப்படியென்றால் காற்று போதுமானது, தண்ணீர் வழியாகச் சூடு வெளியேறுவதில்தான் தடை. ரேடியேட்டர் குழாய்கள் அடைப்பு, இன்ஜின் பிளாக்குக்குள் சேறு, உறிஞ்சும் பக்கத்துக் கீழ் ஹோஸ் வேகத்தில் சப்பிப்போவது, டைமிங் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருப்பது, இவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும். முதல் இரண்டுக்குத்தான் ஃபிளஷ் மருந்து. அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு பத்து நிமிடம் டைமிங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பானட்டைத் திறந்து, இன்ஜினை ரேஸ் பண்ணச் சொல்லி, கீழ் ஹோஸ் சப்புகிறதா என்று பாருங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்க வேண்டிய ஹோஸ் அது. பழைய ஸ்பிரிங் துருப்பிடித்துப் போனதும் பலர் வெறும் ரப்பரை மட்டும் மாட்டிவிடுகிறார்கள்.

மார்கழியில் ஓடிய வண்டி சித்திரையில் ஏன் கொதிக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் "திடீர்னு வந்த கோளாறு" என்று எழுதியிருக்கிறீர்கள். ரேடியேட்டர் வெளியே தள்ளும் சூடு, தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிப் பகலில் காற்று 28 என்றால் வித்தியாசம் 62. கத்திரி வெயிலில் வேலூரில் 42 தொடும்போது வித்தியாசம் 48 ஆகிவிடுகிறது. அதே ரேடியேட்டர் ஏறக்குறைய கால்வாசி வேலையை இழந்துவிட்டது. புது ரேடியேட்டரில் இந்தக் கால்வாசிக்கு இடம் வைத்திருப்பார்கள். குழாய்களில் மூன்றில் ஒன்று அடைத்துக் கிடந்தால் இடம் இருக்காது. அதனால் இது திடீர் கோளாறு ஆகாது. வருடக்கணக்காகச் சேர்ந்தது, வெயில் வந்து காட்டிக்கொடுத்திருக்கிறது.

சரி, அந்த இரண்டு லிட்டருக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என் கண் முதலில் நின்ற இடம் அதுதான். மெக்கானிக் அதைக் கண்டுகொள்ளவில்லை என்று தெரிகிறது. தண்ணீர் 25 டிகிரியிலிருந்து கொதிநிலை வரை சூடாகும்போது ஏறக்குறைய 4 சதவீதம் விரிகிறது. ஹோஸ், பிளாக், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து 8 லிட்டர் என்று வைத்தால் 300 மில்லிக்குப் பக்கம். உங்கள் வண்டியில் வழிகிற தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாட்டில் கிடையாது. கழுத்து வரை நிரப்பினால் அந்த 300 மில்லி, மூடியின் பக்கத்தில் இருக்கும் சின்னக் குழாய் வழியாக ரோட்டில் ஊற்றிவிடும். ஆறியதும் மட்டம் ஓர் அங்குலம் இறங்கி நிற்கும். காலையில் திறந்து பார்க்கிறீர்கள், "குறைஞ்சிருக்கு" என்று மறுபடி கழுத்து வரை ஊற்றுகிறீர்கள். தினம் 300 மில்லி, ஏழு நாளைக்கு இரண்டு லிட்டர். கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால் வேறு ஒழுக்கு இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வாரம் கழுத்து வரை நிரப்பாமல், குழாய்களின் மேல்முனை மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் மேலே மட்டும் தண்ணீர் வைத்து ஓட்டிப் பாருங்கள். மட்டம் அங்கேயே நின்றால், உங்கள் வண்டி தண்ணீர் குடிக்கவில்லை, நீங்கள்தான் ஊட்டியிருக்கிறீர்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், ஊற்றுவது என்ன தண்ணீர் என்பதால். "வீட்டு போர் தண்ணி" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. 600 உள்ள தண்ணீரை வாரம் இரண்டு லிட்டர் ஊற்றினால் 1.2 கிராம், வருடத்துக்கு 60 கிராமுக்கு மேல். அதில் ஒரு பங்கு வழிகிற தண்ணீரோடு போய்விடும். மீதி சூட்டில் சுண்ணாம்பாகப் பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், அதாவது சிலிண்டர் சுவரைச் சுற்றி. சூடானால் கரையாமல் படியும் குணம் அதற்கு. அந்தச் சுண்ணாம்புப் படலம் வார்ப்பிரும்பைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்த மறுக்கும். ஒரு மில்லிமீட்டர் படிந்தால், சிலிண்டருக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் இரும்பு கூடுதலாக வைத்த மாதிரி.

பாலாற்றங்கரையில் இன்னொன்றும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் கலந்தது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்த கதை நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தோலைப் பதப்படுத்தும் முன் கெடாமல் வைக்கப் போடுவது சாதாரண உப்புதான். அந்த உப்புக் கலந்த தண்ணீர் ரேடியேட்டருக்குள் போனால் சுண்ணாம்பு படிவதோடு நிற்காது, இரும்பை அரித்துத் துருவாக்கும். என் ஷெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வண்டிகளில் வெள்ளைப் படிவத்தைவிடச் செம்பழுப்புச் சேறுதான் அதிகம் பார்த்தேன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்ததில்லை. உங்கள் வண்டி மூன்று வருடம் நின்றிருக்கிறது. நின்ற தண்ணீரில் துரு இன்னும் தாராளமாக வரும்.

இனி, ஆசிட் கேனைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய ஒரே ஒரு சோதனை. உங்கள் கடைசி வரிக்கான பதில் இதில்தான் இருக்கிறது. காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றி விடுங்கள், வாட்டர் பாடி, அதாவது தண்ணீர் பம்ப், சுற்றக்கூடாது. மூடியைத் திறந்து தண்ணீரைக் கழுத்து வரை நிரப்புங்கள். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, இரண்டு மூன்று முறை லேசாக ரேஸ் கொடுத்து, ஒரு நிமிடம் மட்டும் கழுத்தைக் கவனியுங்கள். அதற்கு மேல் ஓடவிடாதீர்கள். தண்ணீர் சும்மா நின்றால் நல்லது. அரிசி கொதிக்கிற மாதிரி விடாமல் குமிழி வந்தால், சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் வருகிறது, ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போயிருக்கிறது அல்லது ஹெட் விரிசல் விட்டிருக்கிறது. அப்போது ஃபிளஷ் செலவு வீண், முதலில் ஹெட்டைக் கழற்ற வேண்டும். கூடவே ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பாருங்கள், மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. குளிர்காலக் காலையில் குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில் மூடியில் லேசாக வெள்ளை படிவது உண்டு, அதை வைத்துப் பயப்பட வேண்டாம். ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கிலும் வெளுத்திருந்தால்தான் கவலை. கேஸ்கட் போயிருந்தால்கூட இன்ஜின் போச்சு என்று அர்த்தம் இல்லை. அந்த 1489 சிசி இன்ஜின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, ஹெட்டைக் கழற்றி, வளைந்திருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் லேத்தில் கொடுத்துச் சமன்படுத்தி, புதுக் கேஸ்கட் போட்டால் மறுபடி ஓடும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காலத்திலிருந்து வருகிற இன்ஜின். அடித்தாலும் உதைத்தாலும் தாங்குகிற ஜாதி.

குமிழி இல்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆசிட். உங்கள் மெக்கானிக் எதைச் சொன்னார் என்று எழுதவில்லை. பாத்ரூம் கழுவுகிற ஆசிட் என்றால் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பை நொடியில் கரைக்கும், உண்மைதான். கூடவே இரும்பையும் தின்னும், பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தைப் பிரித்தெடுத்துவிடும், ரேடியேட்டரின் ஈயப் பற்றவைப்பையும் விட்டுவைக்காது. இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் ஒரு பழைய ஃபியட்டுக்கு அதை ஊற்றி, "கொஞ்ச நேரம் ஊறட்டும்" என்று விட்டுச் சாப்பிடப் போனவன் நான்தான். வடித்தபோது உள்ளே பளபளவென்று இருந்தது, வண்டிக்காரருக்குப் பரம சந்தோஷம். மூன்றாவது வாரம் ரேடியேட்டர் அடியில் பத்துப் பதினைந்து இடத்தில் வியர்வை மாதிரி கசிந்துகொண்டு வந்து நின்றார். "இன்னா நைனா, கழுவச் சொன்னா ஓட்டை போட்டுக் குடுத்துட்டியே" என்றார். வேறு ரேடியேட்டர் என் கைக்காசில்தான் வாங்கிப் போட்டேன்.

சிட்ரிக் ஆசிட் வாங்குங்கள், எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள். மளிகைக் கடைப் பொட்டலம் போதாது. சோப் ஆயில், பினாயில் செய்ய மூலப்பொருள் விற்கிற கெமிக்கல் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போதும். மெதுவாகத்தான் வேலை செய்யும். மெதுவாக நடப்பதால்தான் நடுவில் நிறுத்த நமக்கு நேரம் கிடைக்கிறது.

ஆனால் ஆசிட்டோடு தொடங்காதீர்கள். தொண்ணூறு சதவீதம் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள், நானும் பல வருடம் சறுக்கினேன். பிளாக்கில் இருக்கும் சேற்றை ஆசிட்டால் கிளப்பி, ரேடியேட்டர் வழியாகவே சுற்றவிட்டால் அந்தச் சேறு போய் உட்காருவது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில். அதனால் இரண்டையும் முதலில் பிரிக்க வேண்டும். ஆறிய இன்ஜினில் கீழ் டிரெயினைத் திறந்து வடியுங்கள், வருவதை ஒரு பக்கெட்டில் பிடித்து அளந்து வையுங்கள். பிளாக்கின் பின்பக்கம் கீழே இன்னொரு டிரெயின் டேப் இருக்கும். பெரும்பாலான வண்டியில் அதைத் திறந்தால் ஒரு சொட்டும் வராது. தண்ணீர் இல்லாமல் இல்லை, ஓட்டைக்குப் பின்னால் சேறு இறுகிக் கிடக்கிறது. டேப்பை முழுதாகக் கழற்றிவிட்டு, ஒரு கெட்டியான கம்பியை உள்ளே விட்டுக் குத்துங்கள். முதலில் கேழ்வரகுக் கூழ் மாதிரி ஒரு கட்டி விழும், அப்புறம் தண்ணீர் வரும். தண்ணீர் ஓட்டம் மந்தமான இடம் அது, கடைசி சிலிண்டரின் அடி. ஃபிளஷ் பண்ணியும் சூடு குறையவில்லை என்று என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் அந்தப் பின் டேப்பை யாரும் தொட்டதே இல்லை. மொத்த வேலையில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்து, மேல் ஹோஸ் இன்ஜினில் சேரும் எல்போவைக் கழற்றி, தண்ணீர் சூடானதும் திறக்கிற தெர்மாஸ்டாட் வால்வை வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டு ஹோஸையும் ரேடியேட்டரிலிருந்து பிரித்து விடுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பைப்பைத் தெர்மாஸ்டாட் இருந்த ஓட்டையில் துணி சுற்றிச் செருகி, மேலிருந்து கீழே தண்ணீர் விடுங்கள். வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசை, அதனால்தான் படிந்தது பெயர்கிறது. கீழ் ஹோஸ் வழியாகவும் பின் டேப் ஓட்டை வழியாகவும் தெளிவாக வரும் வரை விட வேண்டும், சில வண்டியில் அரை மணி நேரம்கூட ஆகும். ரேடியேட்டரைத் தனியாகக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி, அதன் கீழ்க் கழுத்து வழியாக விட்டு மேல் கழுத்து வழியாக வெளியேற்றுங்கள். வீட்டுக் குழாய் அழுத்தம் போதும். வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன் கன்னையோ கம்ப்ரெஸர் காற்றையோ வைத்துவிடாதீர்கள். பழைய ரேடியேட்டர் அதைத் தாங்காது, டேங்க் பற்றவைப்பு விட்டுவிடும்.

இதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் மாட்டி, தெர்மாஸ்டாட் மட்டும் இல்லாமல், சிட்ரிக் கரைசல். தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு மிதந்திருந்தால் அதற்கு முன் ஒரு முறை சலவை சோடா கரைசலை ஓட்டி அலசிவிடுங்கள், பிசுக்கு மூடியிருந்தால் ஆசிட் சுண்ணாம்பைத் தொடாது. எல்போ அலுமினியம் என்றால் சலவை சோடா பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சிட்ரிக் ஊற்றியதும் ரேடியேட்டர் மூடியை இறுக்காமல் விடுங்கள், சுண்ணாம்பு கரையும்போது வாயு வந்து நுரைக்கும். ஐடிலிங்கில் அரை மணி நேரம். பிறகு சூடு தணிந்ததும் வடித்துவிடுங்கள். கறுப்புத் தேநீர் மாதிரி வரும். இரவு முழுக்க ஊறவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் செய்ய மாட்டேன். ரொம்ப அழுக்காக வந்தால் புதுக் கரைசல் போட்டு இன்னொரு அரை மணி நேரம் ஓட்டுவேன். கடைசியில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கலந்த தண்ணீரை ஐந்து நிமிடம் ஓட்டி, மீதமிருக்கும் புளிப்பைக் கொன்று, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

இதில் ஒரு ஆபத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. 45 வருடத்துக்கு மேலான வண்டியில் சில இடங்களில் துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடு அடைப்புகள், அதாவது கோர் பிளக்குகள், கழுவிய பிறகு ஒழுக ஆரம்பிக்கலாம். வாட்டர் பாடி சீலும் அப்படியே. ஃபிளஷ் கெடுத்துவிட்டது என்று தோன்றும். ஏற்கெனவே கெட்டிருந்ததை அது திறந்து காட்டியிருக்கும், அவ்வளவுதான். அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ரேடியேட்டர் மட்டும் எவ்வளவு கழுவினாலும் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. முழுக்க அடைத்த குழாய்க்குள் ஆசிட் போகவே போகாது, திறந்திருக்கிற குழாயில்தான் ஓடும். வண்டி சூடானதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் முகத்தில் இடமிருந்து வலம் கையைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் செத்துவிட்டன. அப்போது லாரி ரேடியேட்டர் வேலை செய்கிற பட்டறையில் கொடுத்து, மேல் டேங்கைப் பிரித்துக் குழாய்க்குக் குழாய் ராடு விட்டுக் குத்தச் சொல்ல வேண்டும். செம்பு பித்தளை ரேடியேட்டரின் வசதி அது, இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டரில் அப்படிப் பிரித்துப் பற்றவைக்க முடியாது. பழைய ரேடியேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று உடனே சொல்கிற பட்டறையில், முதலில் ராடு போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மறுபடி நிரப்புவது அன்றைக்கே நடக்க வேண்டும். கழுவிய இரும்பு ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். போர் தண்ணீருக்கு இனி வேலை இல்லை. பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கிற டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன் இரண்டு வாங்குங்கள். வெறும் டிஸ்டில்டு வாட்டரும் கூடாது, துருவைத் தடுக்க அதில் ஒன்றும் இல்லை. நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை என்பதால் பாதிக்குப் பாதி கூலன்ட் தேவையில்லை. கூலன்டில் இருக்கும் கிளைக்கால் என்ற திரவம் தண்ணீரைவிடக் குறைவாகவே சூட்டைச் சுமக்கும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும், துருத்தடுப்புக்கு அது சரியான அளவு. கேனில் "நேரடியாக ஊற்றலாம்" என்று இருந்தால் அது ஏற்கெனவே கலந்தது, அதில் மறுபடி தண்ணீர் கலக்காதீர்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பச்சை சிவப்பு என்பது கம்பெனி போடுகிற சாயம். செம்பு, பித்தளை, ஈயப் பற்றவைப்புக்கு ஏற்றது என்று லேபிளில் இருக்க வேண்டும். பிளாக்கில் எப்போதும் கொஞ்சம் அலசிய தண்ணீர் தங்கிவிடும், அதனால் கூலன்டை முதலில் கணக்காக ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் இடத்தில் பெண்கள் போடுகிற மெல்லிய நைலான் காலுறை ஒன்றை வலை மாதிரி செருகி ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எடுத்துப் பாருங்கள், எவ்வளவு துருத்தூள் இன்னும் வருகிறது என்று தெரியும். பழைய கூலன்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கினால் சாகும்.

தெர்மாஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். "நம்ம வெயிலுக்கு அது எதுக்கு" என்று கழற்றி எறிவது நம் பக்கத்து வழக்கம். தண்ணீர் வேகமாக ஓடினால் சூட்டை விடாது என்று வேறு ஒரு கதை இருக்கிறது, அந்தக் கதையை நான் நம்புவதில்லை. ஆனால் வால்வு இல்லாத இன்ஜின் காலையில் ரொம்ப நேரம் குளிராகவே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேயும். இந்த இன்ஜினுக்குச் சூடான ஊர்களுக்கென்றே 74 டிகிரியில் திறக்கிற வால்வு உண்டு. கிடைத்தால் அது, இல்லையென்றால் 82. மாட்டும் முன் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்துத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், புதிதிலும் சொத்தை வருகிறது.

கடைசியாக மூடி. ஏலகிரி மேலே ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். மூடியின் ரப்பர் செத்திருந்தால் அங்கே தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். 7 பவுண்டு மூடி, அதாவது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் வரை பிடித்து வைக்கும் மூடி, சரியாகப் பிடித்தால் கீழே 111 வரை தாங்கும், மேலேயும் நூறைத் தாண்டித்தான் கொதிக்கும். பதினாலு கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரில் ஏறுகிற வண்டிக்கு இந்த வித்தியாசம் போதும், பொங்குவதா பொங்காமல் போவதா என்பதைத் தீர்மானிக்க. கொஞ்சக் காசில் முடிகிற பொருளைக் கடைசியில் மாற்றுவதே எல்லோருக்கும் வழக்கம், நீங்கள் முதலில் மாற்றிவிடுங்கள். பலம் போதவில்லை என்று புதுக் காரின் 13, 15 பவுண்டு மூடியைப் போடாதீர்கள், பழைய ரேடியேட்டர் பிய்ந்துகொள்ளும். வழிகிற குழாயில் ஒரு பாட்டிலைக் கட்டி, திரும்ப உறிஞ்சும் வகை மூடி போட்டுவிட்டால் தினமும் திறந்து பார்க்கிற வேலையும் போய்விடும். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கக்கூடாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும், இருந்தும் பள்ளிகொண்டாப் பக்கம் அவசரத்தில் திறந்த தழும்பு வலது முன்கையில் இன்னும் இருக்கிறது.

குமிழிச் சோதனையை ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்துவிட்டு என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள் தம்பி. குமிழி வந்தால் எலுமிச்சை உப்பு வாங்க வேண்டாம், ஹெட்டைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.